மிலிட்டரிக்காரர் வீடு எது?

சென்ட்ரல் ஸ்டேஷனில் டெல்லி ரயிலோ ஹவுரா ரயிலோ வந்து நின்றால், இறங்கும் கூட்டத்தில் எங்கேயாவது ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி தென்படும். மூடியில் வெள்ளை பெயின்ட்டில் நம்பர், ரேங்க், பெயர். போர்ட்டர் முதல் ஆட்டோக்காரர் வரை பார்த்ததுமே தெரிந்துகொள்வார்கள், மிலிட்டரிக்காரர் லீவில் வந்திருக்கிறார். ஊருக்குப் போய்விட்டால் அதுவே அவருக்கு விலாசம். 'மிலிட்டரிக்காரர் வீடு எது?' என்று டீக்கடையில் கேட்டால் போதும், கை நீட்டிக் காட்டுவார்கள். ஆள் ஓய்வு பெற்று முப்பது வருஷம் ஆனாலும், செத்தே போனாலும், அந்த வீட்டின் பெயர் மாறுவதில்லை.

பெட்டியின் மேல் எழுதியிருப்பது ஒரு பெண்ணின் பெயராக இருந்தால் அந்த வீட்டை என்ன சொல்லிக் கேட்பது?

'மிலிட்டரிக்காரி' என்றொரு சொல் நம் பேச்சில் புழங்கவில்லை. மிலிட்டரிக்காரர் சம்சாரம் உண்டு, மிலிட்டரிக்காரர் மகள் உண்டு. மாவட்ட நிர்வாகம் அவ்வப்போது பத்திரிகைகளுக்கு அனுப்பும் செய்திக்குறிப்பிலும் இதே வரிசைதான்: 'முன்னாள் படைவீரர்கள் மற்றும் அவர்களைச் சார்ந்தோருக்கான சிறப்புக் குறைதீர்க்கும் நாள்'. பெண் என்றால் 'சார்ந்தோர்' வரிசையில்தான் நிற்கவேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. பழக்கம் அப்படி ஆகிவிட்டது. அந்தக் கூட்டத்துக்கு இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி தனியாகப் போனால், 'கார்டு அப்பா பேருலயா, வீட்டுக்காரர் பேருலயா?' என்று பக்கத்து நாற்காலிக்காரர் கேட்பார், பந்தயம் கட்டலாம்.

'படையில இருந்தது நான்தான்' என்று சொல்லப்போகிறவர்கள் இனி வரப்போகிறார்கள்.

2022 ஜூன் 14 அன்று மத்திய அரசு அக்னிபத் திட்டத்தை அறிவித்தது. கடற்படை பெண்களை மாலுமிகளாகச் சேர்த்தது அந்தத் திட்டத்தில்தான், முதன்முறையாக. அதற்கு முன்பு அங்கே பெண்கள் என்றால் அதிகாரிகள் மட்டுமே. ஒடிசாவில் சிலிகா ஏரிக்கரையில் இருக்கும் ஐ.என்.எஸ். சில்கா தளத்தில் நான்கு மாதப் பயிற்சி முடித்து, 2023 மார்ச் 28 அன்று சூரியன் மறைந்த பிறகு விளக்கு வெளிச்சத்தில் முதல் அணி நடைபோட்டது. ஏறக்குறைய 2,600 பேரில் 273 பேர் பெண்கள். 2022 கடைசியில் சேர்ந்த அவர்களுக்கு 2026 கடைசியில் நான்கு வருஷம் முடிகிறது. விதிப்படி நாலில் ஒரு பங்குவரைதான் தொடர்ந்து வைத்துக்கொள்வார்கள். அந்த விகிதத்தில் கணக்குப் போட்டாலே, ஒரே அணியிலிருந்து சுமார் இருநூறு பெண்கள் பெட்டியோடு வீடு திரும்புவார்கள். அவர்களில் பலருக்குக் கல்லூரியில் எம்.ஏ. படிக்கிற வயதுதான் இருக்கும்.

சிலிகா இந்தியாவின் மிகப் பெரிய உவர்நீர் ஏரி. அதற்கு அடுத்தது நம் பழவேற்காடு. அதே உப்பு நீர், அதே பூநாரைகள், அதே முகத்துவாரக் கவலை. இந்தக் கட்டுரைக்காகப் பழவேற்காட்டுக்குப் போனதற்கு இந்த ஒற்றுமைதான் காரணம். அந்தச் சிலிகா ஏரிக்கரையில் ஒரு பெண்ணுக்குச் சீருடை மாட்டி அனுப்புகிறார்கள். அதைக் கழற்றிவிட்டு அவள் திரும்பி வருகிற கரை எப்படி இருக்கும் என்று இங்கே பார்க்கலாம்.

பொன்னேரியிலிருந்து பஸ் ஏறினால் பழவேற்காடு. பாலத்தைத் தாண்டினால் ஒரு பக்கம் ஏரி, மறு பக்கம் கடல், நடுவே மணல்திட்டின்மேல் குப்பங்கள்: லைட்ஹவுஸ் குப்பம், கோரைக்குப்பம், வைரங்குப்பம், இன்னும் பல. வடக்கே ஸ்ரீஹரிகோட்டா. தெற்கே காட்டுப்பள்ளித் தளத்தில் கப்பல் கட்டுகிறார்கள். இரண்டு பக்கமும் நாட்டின் பெரிய காரியங்கள் நடந்துகொண்டிருக்க, நடுவில் இடுப்பளவு தண்ணீரில் ஒரு பெண் இறால் தடவிக்கொண்டிருக்கிறாள்.

'தடவுவது' என்றால் தடவுவதுதான். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. இருளர் குடும்பங்களும் பட்டியல் சமூகக் குடும்பங்களும் செய்கிற வேலை. சேற்றில் மண்டியிட்டு நகர்ந்தபடியே இரண்டு உள்ளங்கைகளையும் அடிமண்ணில் பரப்பித் துழாவ வேண்டும். விரலுக்கடியில் துள்ளுவதைச் சட்டென்று அமுக்கிப் பிடித்து, ஓலையில் முடைந்த பறிக்குள் போட வேண்டும். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதால் பறியைப் பல்லால் கவ்விக்கொள்கிறார்கள். மணிக்கணக்கில் அப்படியே. வாய் திறந்து ஒரு வார்த்தை பேசினால் அன்றைய கூலி தண்ணீரில் விழுந்துவிடும்.

வலை போடுகிறவர்களின் கதை வேறு. ஏரியில் எந்த ஊர், எந்த இடத்தில், எந்த முறையில் வலை கட்டுவது என்பதைப் பல தலைமுறைகளாக 'பாடு' என்ற ஏற்பாடு தீர்மானித்துவருகிறது. குடும்பங்கள் முறை வைத்து மாறி மாறி இறங்கும். ஒரே இடத்தை வலுத்தவன் வளைத்துப்போடாமல் இருக்க ஊரே கட்டிய நல்ல ஒழுங்கு அது. வெளிநாட்டு ஆய்வாளர்கள்கூட வந்து பாராட்டி எழுதியிருக்கிறார்கள். ஆனால் பாடு தலைக்கட்டுக் கணக்கில் வருகிறது. தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண். பஞ்சாயத்தில் உட்காருவதும் அவனே. மீனைக் கூறு கட்டி விற்று வீட்டுக்குக் காசு கொண்டுவருகிறவள் பெயருக்குப் பாடு கிடையாது. தமிழில் இந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருப்பது தற்செயலாக இருக்கலாம்: முறை என்ற அர்த்தத்தில் வரும் பாடு ஆணுக்கு, படுகிற பாடு பெண்ணுக்கு.

இந்தக் கரையிலிருந்து ஒரு பெண் கடற்படைக்குப் போகிறாள் என்று வையுங்கள். கற்பனைக்கு எட்டாத காரியம் ஒன்றும் இல்லை. மீனவர் வீட்டுப் பிள்ளைகள் கடற்படையிலும் கடலோரக் காவல்படையிலும் சேர்வதற்காகத் தமிழகக் காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் இலவசப் பயிற்சி வகுப்பே நடத்தியிருக்கிறது. வாடை எது, கொண்டல் எது, கச்சான் எது என்று ஐந்து வயதிலேயே தெரிந்தவள் அவள். போய்விடுவாள். திரும்பி வருவதில்தான் சிக்கல்.

கையில் என்ன கொண்டுவருவாள்? மாதா மாதம் சம்பளத்தில் 30 சதவீதம் பிடித்து, அரசும் அதே அளவு போட்டு, வட்டியோடு முடிவில் தரும் சேவா நிதி, திட்டம் அறிவித்தபோது சொன்ன கணக்கில் சுமார் 11.71 லட்சம் ரூபாய். வருமான வரி இல்லை. பென்ஷன் கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது, மிலிட்டரி கேன்டீன் கார்டு கிடையாது. 'முன்னாள் படைவீரர்' என்ற தகுதியும் கிடையாது. மத்திய ஆயுதக் காவல் படைகளில் இடஒதுக்கீடு அறிவித்திருக்கிறார்கள், அது ஒரு வாசல். மற்றபடி, மிலிட்டரிக்காரர் வீட்டுக்கு ஊர் காலங்காலமாகத் தந்துவந்த அடையாளம் எதுவும் அவள் பெட்டியில் இருக்காது. இந்த நஷ்டம் ஆண் அக்னிவீரனுக்கும் உண்டுதான். ஆனால் அவன் திரும்பி வந்து கல்யாணம் செய்துகொண்டால் குறைந்தபட்சம் ஒரு தலைக்கட்டு. பாட்டில் அவனுக்கு இடம் காத்திருக்கிறது.

அவளுக்குக் காத்திருப்பது கல்யாணப் பேச்சு. நான்கு வருஷமும் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்பது சேரும்போதே போட்ட நிபந்தனை. அது முடிந்த மறுநாள் தரகர் வாசலில் நிற்பார். 'பொண்ணு மிலிட்டரியில இருந்துச்சாமே' என்று மாப்பிள்ளை வீட்டில் இழுப்பார்கள். அந்த இழுப்பில் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று விளக்க வேண்டியதில்லை. பதினொரு லட்சத்துக்கும் ஆட்கள் தயாராக இருப்பார்கள். அண்ணனுக்கு ஃபைபர் போட், அப்பாவின் வட்டிக்கடன், தங்கச்சி நகை. எல்லாமே நியாயமான தேவைகள், அதனாலேயே மறுக்க முடியாதவை. 'இந்தப் பணம் உன்னுடையது, கொஞ்சம் பொறு' என்று அவளிடம் சொல்வதற்கு, அவளுக்கு முன்னால் அதே சீருடையைப் போட்டுக் கழற்றிய ஓர் அக்கா வேண்டும். அம்மா சொன்னால் எடுபடாது, அதிகாரி சொன்னால் புரியாது.

அந்த அக்காக்கள் எங்கே?

தேடினால் வரலாற்றில் முதலில் தட்டுப்படுகிறவர்கள் தமிழ்ப் பெண்களே. 1943 ஜூலை 9 அன்று சிங்கப்பூர் பாடாங் மைதானத்தில் நேதாஜி பெண்களுக்கு ஒரு படை வேண்டும் என்று பேசினார். மூன்றே நாளில், சென்னையில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துச் சிங்கப்பூரில் டாக்டராக இருந்த லட்சுமி சுவாமிநாதன், இருபது பெண்களைத் திரட்டி அவருக்கு அணிவகுப்பு மரியாதை கொடுத்தார். சீருடை இன்னும் தைக்கவில்லை. புடவையோடு, ஆண்களுக்கே கனக்கிற .303 துப்பாக்கியைத் தூக்கி நின்றார்கள். அக்டோபர் 22 அன்று வாட்டர்லூ தெருவில் ஜான்சி ராணிப் படையின் முகாம் திறந்தது. வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயா ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய குடும்பங்களின் தமிழ்ப் பெண்கள். நர்ஸாகவும் சிப்பாயாகவும் பயிற்சி எடுத்து பர்மாவுக்குப் போனார்கள். 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுப் பின்வாங்கும்போது வண்டிகள் கிடைக்காமல், குண்டுவீச்சுக்குப் பயந்து பகலில் ஒளிந்து இரவில் நடந்து, பாங்காக் போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் பின்வாங்கலில் ரயில்மீது நடந்த தாக்குதலில் ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இரண்டு பெண்கள் இறந்தார்கள்.

அதன் பிறகு? இதைத்தான் நம் பாடப்புத்தகங்கள் சொல்வதில்லை. கேப்டன் லட்சுமி 1946-ல் இந்தியா திரும்பினார், கான்பூரில் குடியேறி ஏழைப் பெண்களுக்குப் பிரசவம் பார்த்தார், 1981-ல் அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார், 2002-ல் ஜனாதிபதி தேர்தலில் நின்றார், 2012-ல் காலமானார். ரங்கூனில் பெண்களை வழிநடத்திய ஜானகி தேவர், பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன், மலேசிய இந்தியர் காங்கிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவர். மேலவை உறுப்பினராகவும் ஆனார். என் கண்ணில் இவர்களைவிட ஒரு படி மேலே தெரிகிறவர் ராசம்மா பூபாலன். பதினாறு வயதில் அக்கா பொன்னம்மாவோடு படையில் சேர்ந்தவர். போர் முடிந்து ஆசிரியையானார். 1960-ல் மலாயாவில் ஆசிரியைகளுக்கென்றே தனிச் சங்கம் அமைத்து அதன் முதல் தலைவரானார். ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்குக் குறைந்த சம்பளம் என்றிருந்த காலத்தில் சம ஊதியத்துக்காகச் சண்டை போட்டார். துப்பாக்கியைக் கீழே வைத்தவர் அணிவகுப்பை விடவில்லை.

மூவரும் மற்றவர்களுக்காகச் சங்கமோ கட்சியோ தொடங்குவதில் பங்கெடுத்தார்கள். தங்கள் கூடவே நடந்த தோட்டத்துப் பெண்களுக்கு மட்டும் அப்படி ஒன்று அமையவில்லை. படையில் மொத்தம் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதிலேயே தகராறு. ஆயிரம் பேர் என்று நெடுநாள் சொல்லிவந்தோம். எஞ்சியிருந்தவர்களைத் தேடித்தேடிப் பேட்டி கண்ட வேரா ஹில்டெப்ராண்ட் 2016-ல் வந்த தன் நூலில், அதில் பாதிகூடத் தேறாது என்கிறார். படித்த, வசதியான வீட்டுப் பெண்களின் பெயர்கள் எழுத்தில் நின்றன. பால்மரம் வெட்டியவளின் பெயரைக் குறித்துவைக்க ஒரு நோட்டு இல்லாமல் போயிற்று.

இந்தியா பிறகு பெண்களைச் சீருடைக்கு அழைத்தது 1992-ல். மருத்துவமும் நர்சிங்கும் அல்லாத பிரிவுகளுக்கு அதிகாரிகளாக முதல் 25 பெண்கள் பயிற்சி எடுத்தது நம் பரங்கிமலையில், ஆபீசர்ஸ் டிரெய்னிங் அகாடமியில். 1993 மார்ச் 6 அன்று தோளில் நட்சத்திரம் ஏறியது. ஐந்து வருஷம் என்று சொல்லிச் சேர்த்தார்கள். அது பத்தானது, பதினான்கானது. பென்ஷனுக்கோ இருபது வருஷம் வேண்டும். முப்பத்தைந்து, நாற்பது வயதில், இரண்டு குழந்தைகளோடு, பென்ஷன் இல்லாமல் வெளியே வந்த பெண் அதிகாரிகள் ஒரு தலைமுறையே இருக்கிறார்கள்.

அவர்கள் வழக்குப் போட்டார்கள். 2003-ல் வழக்கறிஞர் பபிதா புனியா டெல்லி உயர் நீதிமன்றத்தில் தொடங்கிவைத்ததில் பெண் அதிகாரிகளும் வந்து சேர்ந்துகொண்டார்கள். 2010-ல் அங்கே ஜெயித்து, அப்பீலில் பத்து வருஷம் இழுத்து, 2020 பிப்ரவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் நிரந்தரப் பணிக்கு அவர்களுக்கு உரிமை உண்டு என்றது. அடுத்த மாதம் கடற்படைப் பெண்களுக்கும் அதே தீர்ப்பு. ஆபரேஷன் சிந்தூரின்போது டி.வி.யில் நாம் பார்த்த ராணுவ அதிகாரி சோபியா குரேஷியின் சாதனையை நீதிபதிகள் அந்த 2020 தீர்ப்பிலேயே எடுத்துக்காட்டாகச் சொல்லியிருந்தார்கள். தீர்ப்பு வந்தும் தகுதித் தேர்வில் பழைய அளவுகோலை வைத்துப் பலரைக் கழிக்கப் பார்த்ததால், 2021 மார்ச்சில் லெப்டினன்ட் கர்னல் நிதிஷா வழக்கில் மறுபடியும் கோர்ட் தலையிட வேண்டிவந்தது.

அரசுத் தரப்பு வைத்த வாதங்களில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. சிப்பாய்களில் பெரும்பாலோர் கிராமத்து ஆண்கள், பெண் கமாண்டரின் உத்தரவை ஏற்க அவர்கள் மனம் இன்னும் பக்குவப்படவில்லை என்றார்கள். பழவேற்காடு மீன் மார்க்கெட்டில், மடவைக்கும் நண்டுக்கும் நடுவே சம்மணமிட்டு உட்கார்ந்து, வியாபாரிகளையும் ஐஸ்காரரையும் லோடு ஏற்றுகிறவரையும் ஒரே நேரத்தில் விரட்டுகிற அம்மாக்கள் முன்னால் இந்த வாதத்தை யாராவது ஒருமுறை வாசித்துக் காட்டியிருக்கலாம்.

ஒன்று கவனிக்க வேண்டும். பதினேழு வருஷம் ஒரு வழக்கைத் தூக்கி நடந்தார்களே, அதுவே ஒரு சங்கத்தின் வேலைதான். காகிதம் சேர்ப்பது, தேதிக்கு ஆள் போவது, துவண்டவளைத் தேற்றுவது. ஆனால் அது அதிகாரிகளின் கூட்டம். இங்கிலீஷ் தெரிந்த, டெல்லியில் வக்கீல் வைக்க முடிந்தவர்கள். ராணுவ நர்சுகள் 1888-லிருந்து இந்த மண்ணில் பணிசெய்கிறார்கள், 1976-லேயே கெர்ட்ரூட் ராம் மேஜர் ஜெனரல் ஆனார். இருந்தும், வெளியே வந்த ஒரு ராணுவ நர்ஸ் அரசு வேலைக்கு முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் வருவாரா மாட்டாரா என்பதற்கே கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அப்படியிருக்க, பிளஸ் டூ முடித்து நான்கு வருஷம் கப்பலில் இருந்துவிட்டு மணல்திட்டுக்குத் திரும்புகிறவள் எந்த வக்கீலைப் பிடிப்பாள்?

இதற்கு ஒரு வழி காட்டியவர் அமெரிக்க நர்ஸ் ஒருவர். டயான் கார்ல்சன் எவன்ஸ், மினசோட்டா மாநிலத்துப் பண்ணை வீட்டுப் பெண். 1968-69-ல் வியட்நாம் போர்முனை ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். ஊர் திரும்பியவர் போன இடத்தைப் பற்றி வாய் திறக்காமலே பல வருஷம் ஓட்டினார். வாஷிங்டனில் வியட்நாம் நினைவுச் சுவர் எழுந்து, 1984-ல் அதன் அருகே மூன்று சிப்பாய்களின் சிலையும் வந்தபோது, மூவரும் ஆண்கள். வியட்நாமில் பணியாற்றிய அமெரிக்கப் பெண்கள் ஏறத்தாழ 11,000 பேர். சுவரில் எட்டு நர்சுகளின் பெயர்களும் இருக்கின்றன. அந்த வருஷமே அவர் ஓர் அமைப்பைத் தொடங்கினார். 1987-ல் நுண்கலை ஆணையம் பெண் சிலை யோசனையை நிராகரித்தது. விட்டால் நாய்ப்படைக்காரர்கள்கூடச் சிலை கேட்பார்கள் என்கிற பாணியில் ஆணையத் தலைவர் பேசியது அங்கே பெரிய சர்ச்சையானது. கடைசியில் 1993 நவம்பர் 11 அன்று சிலை திறந்தார்கள்.

சிலை எனக்கு முக்கியமில்லை. நம்மிடம் சிலைகளுக்குக் குறைச்சல் இல்லை. அந்தப் பெண்கள் வழியில் செய்த இன்னொரு வேலைதான் பெரிது. வியட்நாமுக்குப் போன பெண்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்ற பட்டியல் அவர்களிடம் இல்லை. அதனால் 'சகோதரியைத் தேடுவோம்' என்று ஒரு திட்டம் போட்டு ஊர் ஊராகத் தேடினார்கள். கல்யாணமாகிக் குடும்பப் பெயர் மாறிப்போனவர்கள், கணவனிடம்கூடச் சொல்லாமல் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிடைத்தார்கள்.

நம் கரைக்கு இது அந்நியமான வித்தையும் அல்ல. மீனவ மகளிர் கூட்டுறவுச் சங்கம் இங்கே பழகிய சங்கதி. சுயஉதவிக் குழுவில் ரெஜிஸ்டர் எழுதாத தெரு கிடையாது. மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத் திட்டத்துக்கு யார் எத்தனை மாதத் தவணை கட்டினார்கள், யாருக்குப் பாக்கி என்று விரல் நுனியில் வைத்திருக்கும் பெண்கள் ஒவ்வொரு குப்பத்திலும் உண்டு. பேர் சொன்னதும் ஊர் அறிகிற மாதிரி, படையிலிருந்து வந்த பெண்களே நடத்தும் சங்கம் தமிழ்நாட்டில் ஒன்று வரவேண்டும் என்றால், அதற்குப் பரங்கிமலையில் பயின்ற மேஜரம்மாவும் வேண்டும், குப்பத்தில் ரெஜிஸ்டர் எழுதுகிற அக்காவும் வேண்டும். ஒருவருக்கு அரசாணை படிக்கத் தெரியும், மற்றவருக்கு ஆளைத் தெரியும்.

வேலைகள் சின்னச் சின்னதாகத்தான் இருக்கும். பணியில் கால் உடைந்திருந்தால் மெடிக்கல் ஃபைலின் நகல் கையில் இருக்கிறதா என்று பார்ப்பது. டிஸ்சார்ஜ் காகிதத்தில் அப்பா பெயரின் ஸ்பெல்லிங் ஆதார் கார்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. சேவா நிதி வருவதற்கு முந்தைய வாரமே, அவள் பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்கு இருப்பதை உறுதிசெய்வது. போலீஸ் தேர்வு அறிவிப்பு வந்தால் போன் அடிப்பது. பணியில் இருந்தபோது நடந்த, வீட்டில் சொல்ல முடியாத விஷயம் ஏதும் இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பது.

முதல் நாளைக்கு இது எதுவும்கூட வேண்டாம். பொன்னேரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள கடையில் கிடைக்கிற நூறு பக்க கோடு போட்ட நோட்டு ஒன்று போதும். நாலு கட்டம் கிழித்து, பெயர், ஊர், படைப் பிரிவு, போன் நம்பர். மிலிட்டரிக்காரர் மகள் என்றோ சம்சாரம் என்றோ எழுதக் கட்டம் வைக்காமல்.